ஒரு பிரேஸ், மூன்று உரிமையாளர்கள்: 2023 விதி மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

யார், எங்கே

இடம் டெக்சாஸ். நான் வார இறுதிகளில் பாதுகாப்பு மேற்பார்வைக்கு நிற்கும் ஒரு தனியார் துப்பாக்கி சுடும் ரேஞ்ச். அங்கே வழக்கமாக வரும் மூன்று பேருக்கு 2023-இல், துப்பாக்கியில் மாட்டும் பிரேஸ் பற்றி வந்த ஒரே மத்திய விதியால் தலைவலி வந்தது. மூவரும் மூன்று வழியில் போனார்கள். பெயர், ஊர், வேலையிடம் எதையும் போடவில்லை. மூவரும் படித்துப் பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகுதான் இது வெளியே வருகிறது. சட்ட ஆலோசனையாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

முதலாமவர் நம்ம ஊர்க்காரர், நாற்பதை நெருங்குகிறவர். அப்போது கிரீன் கார்டில் இருந்தார், குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வீட்டில் மனைவி, அவரும் கிரீன் கார்டுதான். கூடவே ஹெச்-1பி விசாவில் வந்து தங்கியிருந்த மைத்துனர். இந்தக் குடும்ப விவரம் எதற்கு என்பது பின்னால் தெரியும். இரண்டாமவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர், அறுபதைத் தாண்டியவர், காகிதங்களை ஃபைல் போட்டு வைப்பவர். மூன்றாமவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், எதையும் தானே கழற்றி மாட்டிப் பார்க்கிற ரகம், ரசீதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பவன்.

மூவரிடமும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே பொருள்: பத்தரை அங்குல பேரல், அதாவது குழல், உள்ள ஏஆர் பிஸ்டல் (ஏஆர் ரைஃபிளின் அமைப்பிலேயே செய்த பிஸ்டல்), அதன் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பஃபர் டியூப் என்ற குழாயில் ஒரு பிரேஸ்.

பிரேஸ் எப்படி வந்தது

பிரேஸ் என்பது முன்கையோடு சேர்த்துப் பட்டை போட்டு இறுக்கிக்கொள்கிற ஒரு துண்டு. ஏஆர் பிஸ்டல் கனம், ஒரு கையால் நீட்டிப் பிடித்துச் சுடுவது கஷ்டம், கை ஊனமான முன்னாள் ராணுவத்தினருக்கு அது இன்னும் கஷ்டம், அந்தத் தேவையில் பிறந்த சாமான் இது. 2012-இல் ஏடிஎஃப், அதாவது துப்பாக்கி, வெடிபொருள் சட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அமைப்பு, இதை மாட்டினாலும் பிஸ்டல் பிஸ்டல்தான் என்று கடிதம் கொடுத்தது. அதன் பிறகு விற்பனை எங்கேயோ போய்விட்டது.

இதில் அரசுக்கு என்ன வந்தது என்றால், 1934-ஆம் வருடத்து தேசியத் துப்பாக்கிச் சட்டம். தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அது தனி வகை, பேச்சு வழக்கில் எஸ்பிஆர். அதை வைத்திருக்க கைரேகை, போட்டோ, பின்னணிச் சோதனை, மத்தியப் பதிவேட்டில் பெயர் எல்லாம் வேண்டும், 2025 முடியும்வரை 200 டாலர் வரியும் இருந்தது. பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்து வருடம் வரை சிறை. பிரேஸ் மாட்டிய குட்டை பேரல் துப்பாக்கியைப் பாதிப் பேர் முன்கையில் கட்டுவதே இல்லை, தோளில் முட்டுக்கொடுத்துத்தான் சுட்டார்கள். ரேஞ்சில் நின்று பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்ன. ஆக, 1934 சட்டத்தை ஒரு பிளாஸ்டிக் துண்டு சுற்றிக்கொண்டு போகிறது என்று அரசு சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அதே ஏடிஎஃப் 2015 ஜனவரியில் ஒரு திறந்த கடிதம் போட்டு, பிரேஸைத் தோளில் வைத்தாலே அது மறுவடிவமைப்பு, எஸ்பிஆர் ஆகிவிடும் என்றது. 2017-இல் இன்னொரு கடிதம், எப்போதாவது தோளில் பட்டால் அது குற்றமாகாது என்ற மாதிரி. 2020 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வரைவு வந்து, ஒரு வாரத்துக்குள்ளேயே திரும்பப் பெறப்பட்டது. இத்தனை திருப்பங்களுக்கு நடுவில்தான் நம் மூவரும் கடையில் சட்டப்படி காசு கொடுத்து வாங்கினார்கள்.

விதி வந்தபோது

2021 மார்ச்சில் கொலராடோவின் போல்டரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் வைத்திருந்தது இந்த ரகத் துப்பாக்கி. அடுத்த மாதமே அதிபர் பைடன் இதற்கு விதி கொண்டுவரச் சொன்னார். ஜூனில் வந்த வரைவில் ஒரு மதிப்பெண் தாள் இருந்தது: எடை, நீளம், பிரேஸின் பின்பரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். பிடிக்கிறதோ இல்லையோ, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடிந்தது.

2023 ஜனவரி 31 அன்று அரசிதழில் வந்த இறுதி விதியில் அந்தத் தாள் காணாமல் போயிருந்தது. அதற்குப் பதில் ஆறு காரணிகள். அதில் ஒன்று, தயாரிப்பாளர் அதை எப்படி விளம்பரம் செய்தார் என்பது. இன்னொன்று, பொதுவாக மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது. அதாவது நீங்கள் ஒழுங்காக முன்கையில் கட்டிச் சுட்டாலும், வேறு யாரோ வீடியோவில் தோளில் வைத்துச் சுட்டது உங்கள் துப்பாக்கியின் வகையைத் தீர்மானிக்கலாம். எனக்கு இந்த விதியில் பிடிக்காத இடம் இதுதான், இன்றைக்கும் இதுதான்.

கெடு 120 நாள், மே 31 வரை. அதற்குள் பிரேஸைக் கழற்றி மறுபடி மாட்ட முடியாதபடி செய்யவேண்டும், அல்லது 16 அங்குல பேரல் போடவேண்டும், அல்லது ஃபார்ம் 1 நிரப்பி எஸ்பிஆராகப் பதிவு செய்யவேண்டும், இந்த முறை 200 டாலர் வரி தள்ளுபடி. இல்லையென்றால் துப்பாக்கியை ஒப்படைக்கவேண்டும் அல்லது அழிக்கவேண்டும். நாட்டில் இப்படி முப்பது லட்சம் துப்பாக்கிகள் இருக்கலாம் என்பது ஏடிஎஃப் கணக்கு. நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவோ ஒரு கோடியில் இருந்து நாலு கோடி வரை இருக்கலாம் என்றது. எண்ணிக்கையிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது யார் எதை அமல்படுத்துவது என்று ரேஞ்சில் அப்போதே பேச்சு.

பிப்ரவரி, மார்ச்: கவனித்தவை

முதலாமவர் அந்த வாரமே வந்து கேட்டார்: "அண்ணா, ஃப்ரீயா ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு சொல்றாங்களே, பண்ணிடவா? இருநூறு டாலர் மிச்சம்தானே?"

பண்ணுங்க, பண்ணாதீங்க என்று எதுவும் சொல்லாமல், வீட்டில் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது, யாரெல்லாம் எடுக்க முடியும் என்று மட்டும் கேட்டேன். படுக்கையறை அலமாரியில் எண் பூட்டு போட்ட சேஃப். எண் அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் மனைவி தனியாக இருப்பார், அதற்காகவே எண்ணைச் சொல்லி வைத்திருக்கிறார். சாதாரணப் பிஸ்டலாக இருக்கும்வரை இதில் ஒரு வில்லங்கமும் இல்லை. அதையே இவர் பெயரில் மட்டும் எஸ்பிஆராகப் பதிவு செய்துவிட்டால், இவர் இல்லாத நேரத்தில் அது மனைவியின் கட்டுப்பாட்டில் இருப்பது தனிப் பிரச்சினை. இதைச் சமாளிக்கத்தான் பலர் டிரஸ்ட், அதாவது ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து பொருளை வைத்திருக்கும் சட்ட ஏற்பாடு, எழுதி அதன் பெயரில் பதிவு செய்வார்கள். ஆனால் இந்தத் தள்ளுபடிப் பதிவுக்கு, ஜனவரி 31-க்கு முன்பே துப்பாக்கி டிரஸ்டிடம் இருந்தது என்று காட்டவேண்டும். இவரிடம் டிரஸ்டே கிடையாது. அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

மைத்துனர் விஷயம் இன்னும் கூர்மை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற ஒருசில விலக்குகள் தவிர, எந்தத் துப்பாக்கியையும் கையில் வைத்திருக்கவே கூடாது. அவருக்கு சேஃப் எண் தெரியாது என்றார் நண்பர். தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எண்ணே மனைவியின் பிறந்த தேதி, அதுவும் தம்பிக்குத் தெரியாத தேதியா! அன்று சாயங்காலமே மாற்றினார். பிரேஸ் விதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் அந்த விதி வராவிட்டால் யாரும் இதைக் கவனித்திருக்கப் போவதில்லை.

மார்ச்சில் அவர் இரண்டு வக்கீல்களைப் பார்த்தார். துப்பாக்கி வழக்கு பார்ப்பவர், பதிவு செய்வது பாதுகாப்பானது, விதி நீதிமன்றத்தில் நிற்காமலும் போகலாம் என்றார். குடியேற்ற வக்கீல் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. பதிவில்லாத எஸ்பிஆர் வைத்திருப்பது வரிச் சட்டத்தின் 5861-ஆம் பிரிவில் வரும் குற்றம். குடியேற்றச் சட்டத்தில் கடுங்குற்றம் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் இந்தப் பிரிவு எண் போட்டே இருக்கிறது. குடிமகனுக்கு இது ஒரு வழக்கு. கிரீன் கார்டுக்காரருக்கு, தண்டனை உறுதியானால் நாட்டைவிட்டே அனுப்பக் காரணம். மாட்டுவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார் நண்பர். வாய்ப்பைப் பற்றி நான் பேசவில்லை, மாட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன் என்றாராம் அந்த அம்மா.

இரண்டாமவருக்கு வேறு வரலாறு. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் நடந்த படுகொலைக்குப் பிறகு பம்ப் ஸ்டாக்கை, அதாவது பின்னுதைப்பை வைத்து வேகமாகத் தொடர்ந்து சுட வைக்கும் பின்பாகத்தை, இயந்திரத் துப்பாக்கி என்று வகைப்படுத்தி 2018 டிசம்பரில் விதி வந்தது. 2019 மார்ச்சுக்குள் அழிக்கவேண்டும் அல்லது ஒப்படைக்கவேண்டும், நஷ்ட ஈடு ஒரு காசு கிடையாது. இவர் தன்னுடையதை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட்டார், அறுத்த துண்டுகளைப் போட்டோ எடுத்து ஃபைலில் வைத்தார். அந்த எரிச்சல் நாலு வருடமாக ஆறவில்லை. இந்தத் தடவை எதையும் அறுக்க மாட்டேன், காகிதம் கேட்டால் காகிதம் தருகிறேன், சாமானைத் தரமாட்டேன் என்பதுதான் அவர் நிலைப்பாடு.

மூன்றாமவன் பதில்: "எல்லாரும் கேஸ் போட்டிருக்காங்க அங்கிள், அடிச்சுடுவாங்க, பார்த்துக்கலாம்."

முடிவுகளும் காரணங்களும்

இரண்டாமவர் மார்ச்சிலேயே ஃபார்ம் 1 அனுப்பிவிட்டார். கைரேகை, போட்டோ, உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு நகல், எல்லாம் அவரே செய்தார். தனியாக வாழ்பவர், சேஃப் பிரச்சினை இல்லை, குடியுரிமைப் பிரச்சினை இல்லை. அவர் நிலைமைக்கு அது தவறான முடிவு என்று நான் நினைக்கவில்லை.

முதலாமவர் பதிவு வேண்டாம் என்று முடிவெடுத்தார். குடிமகன் அல்லாதவருக்குப் பின்னணிச் சோதனையில் குடியேற்றப் பதிவுகளையும் தனியாகப் பார்ப்பார்கள், முதல் தடவை வாங்கும்போதே அவருக்கு அது இழுத்தடித்திருந்தது. குடியுரிமை நேர்காணல் எந்த மாதமும் வரலாம் என்ற நேரத்தில், எஸ்பிஆர் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு விண்ணப்பம் பாதியில் தொங்கிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பிரேஸை மட்டும் கழற்றலாம், ஆனால் வெறும் பஃபர் டியூபோடு அந்தக் கனத்தைத் தூக்கிச் சுட அவருக்கு மணிக்கட்டு ஒத்துழைக்காது, அது மட்டுமல்லாமல் கழற்றிய பிரேஸையும் அழிக்கவேண்டும்.

மிஞ்சியது 16 அங்குல வழி. ஏஆர் துப்பாக்கியில் பேரல் இருப்பது மேல்பாதியில், அப்பர் என்பார்கள். தொடர் எண் பொறித்து, சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படுவது கீழ்ப்பாதி, லோயர். இரண்டு ஊசிகளைத் தள்ளினால் அப்பர் கையோடு வந்துவிடும். 16 அங்குல அப்பர் ஒன்றை வாங்கி மாட்டினால் அது சாதாரண ரைஃபிள், பிரேஸ் இருந்தாலும் ஸ்டாக், அதாவது தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை, இருந்தாலும் கேள்வி இல்லை.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம் திரும்பி வர முடியும் என்பது. முதலில் பிஸ்டலாகச் செய்யப்பட்ட துப்பாக்கியை ரைஃபிளாக மாற்றி, பிறகு மறுபடி பிஸ்டலாக்கலாம். 1992-இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு தீர்ப்பின் தொடர்ச்சியாக ஏடிஎஃப் 2011-இல் எழுத்து மூலமே இதைச் சொல்லியிருக்கிறது. முதலில் ரைஃபிளாகச் செய்ததைக் குட்டை பேரல் போட்டுப் பிஸ்டலாக்கினால் மட்டும் அது எஸ்பிஆர். முதலாமவர் கடையில் முழுப் பிஸ்டலாகவே வாங்கியவர், வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் கடைக்காரர் வகை என்ற இடத்தில் பிஸ்டல் என்றுதான் எழுதியிருந்தார். ரசீதும் அப்படியே.

கழற்றிய பத்தரை அங்குல அப்பரை என்ன செய்வது? வீட்டில் ஒரே ஒரு லோயர், அது இப்போது ரைஃபிள், பக்கத்தில் குட்டை அப்பர் கிடந்தால், சேர்த்து மாட்டத்தான் வைத்திருக்கிறான் என்று ஒருவர் வாதாட இடம் கொடுக்கும். அப்பர் மத்தியச் சட்டப்படி துப்பாக்கி இல்லை, சாதாரணமாக விற்கலாம். இரண்டாமவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார்.

மே: ஒரு போட்டோ

மூன்றாமவன் விஷயம்தான் எதிர்பாராதது. மே நான்காம் வாரம் ரேஞ்ச் உரிமையாளர் ஒரு அறிவிப்பு ஒட்டினார், ஜூன் முதல் பிரேஸ் போட்ட குட்டை துப்பாக்கி கொண்டுவந்தால் காகிதம் காட்டவேண்டும் என்று. அதே வாரம், மே 23 அன்று, ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் விதியை நிறுத்தி வைத்தது. மே 26-இல், வழக்குப் போட்ட அமைப்பின் உறுப்பினர்களுக்கும் அது பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. பையன் அன்றைக்கே இணையத்தில் பணம் கட்டி உறுப்பினர் ஆனான். ரசீதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, துப்பாக்கிப் பெட்டிக்குள் பஞ்சுக்கு அடியில் செருகி வைத்து, பெருமையாகக் காட்டினான்.

சரி, உன் லோயர் எப்படி வாங்கினது என்று கேட்டேன். தனி லோயராக வாங்கி, தானே கட்டியது என்றான். முதலில் எதை மாட்டினாய்? ஞாபகம் இல்லை. போனில் தேடிப் பார்த்தான். 2021-இல் எடுத்த ஒரு போட்டோ வந்தது: சாப்பாட்டு மேசைமேல் அதே லோயர், தொடர் எண்ணின் கடைசி இலக்கங்கள் பளிச்சென்று தெரிகின்றன, அதில் 16 அங்குல அப்பர், பின்னால் பிரேஸ் இல்லை, முழு ஸ்டாக். அதாவது முதலில் கட்டியது ரைஃபிள். அடுத்த வருடம் குட்டை அப்பர் வாங்கி, ஸ்டாக்கை எடுத்துவிட்டு பிரேஸ் போட்டு, பிஸ்டல் ஆக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

முகம் வெளுத்துவிட்டது பையனுக்கு. ஏனென்றால் இது 2023 விதியின் பிரச்சினையே இல்லை. ரைஃபிளில் இருந்து செய்யப்பட்ட குட்டை ஆயுதம் 1934 சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. பிரேஸைக் கழற்றினாலும் அது எஸ்பிஆர்தான், நீதிமன்றத் தடை விதியை நிறுத்தும், சட்டத்தை நிறுத்தாது. பெட்டிக்குள் இருந்த ரசீது அந்தத் துப்பாக்கிக்கு ஒன்றுக்கும் உதவாது. 2023-இல் டெக்சாஸ் குற்றச் சட்டத்திலும், மத்தியப் பதிவு இல்லாத குட்டை பேரல் ஆயுதம் தடை செய்யப்பட்டதாகவே இருந்தது.

ரேஞ்சிலேயே அப்பரைக் கழற்றி, லோயரை அவன் வைத்துக்கொண்டு, அப்பரை நண்பன் ஒருவன் காரில் தனியாக எடுத்துப் போனான். மறுநாள் வக்கீலிடம் பேசினான். அவர் சொன்னபடி பழைய லோயருக்கு 16 அங்குல அப்பரும் ஸ்டாக்கும் திரும்பப் போயின. குட்டை அப்பருக்காகப் புதிதாக ஒரு லோயர் வாங்கி, கடையில் எதுவும் மாட்டாத வெறும் லோயர் என்றே பதிவாகி, வீட்டில் முதல் தடவையாகப் பிஸ்டலாகவே கட்டினான், அன்றைய தேதியோடு போட்டோ எடுத்து வைத்தான். ஆனால் புதிதாகக் கட்டியது ஜனவரி 31-க்குப் பிந்தையது, தள்ளுபடிப் பதிவுக்குத் தகுதி இல்லை. அதனால் அதில் பிரேஸ் போடாமல் வெறும் டியூபோடு விட்டான். மாதக்கணக்கில் அதை ரேஞ்சுக்குக் கொண்டுவரவும் இல்லை.

அப்புறம் நடந்தது

மே 31 தாண்டியது. நாடு முழுக்க வந்த பதிவு விண்ணப்பங்கள் இரண்டரை லட்சம் சொச்சம். ஏடிஎஃப்பின் குறைந்த கணக்கான முப்பது லட்சத்தை வைத்துப் பார்த்தால்கூட பத்தில் ஒரு பங்கு தேறவில்லை. கதவைத் தட்டி யாரும் வரவில்லை, இந்த மூவரில் யார் வீட்டுக்கும்.

ஆகஸ்ட் 1 அன்று ஐந்தாவது வட்டார நீதிமன்றம், இறுதி விதி வரைவில் இருந்து இவ்வளவு தள்ளிப்போனது முறையல்ல, வழக்குப் போட்டவர்கள் ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்றது. மதிப்பெண் தாளை எடுத்துவிட்டு ஆறு காரணிகளைப் போட்டதுதான் அங்கே வினையானது. நவம்பர் 8-இல் டெக்சாஸ் மத்திய நீதிபதி ஒருவர் நாடு முழுவதும் விதியை நிறுத்திவைத்தார். 2024 ஜூன் 13-இல் இன்னொரு டெக்சாஸ் நீதிபதி விதியையே ரத்து செய்தார். மறுநாள் ஜூன் 14, பம்ப் ஸ்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பு: அது இயந்திரத் துப்பாக்கி அல்ல, ஏடிஎஃப் தன் அதிகாரத்தை மீறிவிட்டது. இரண்டாமவர் அந்த வார இறுதியில் ரேஞ்சுக்கு வந்து, ஃபைலில் இருந்து 2019 போட்டோவை எடுத்துக் காட்டினார். அறுபட்ட துண்டுகள். யாரிடம் போய்க் கேட்பது.

அவருடைய ஃபார்ம் 1 அதற்கு முன்பே அனுமதியாகி வந்திருந்தது. விதி ரத்தான பிறகு அவர் துப்பாக்கி மட்டும் பதிவேட்டில் எஸ்பிஆராக நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரனுடைய அதே மாடல் சாதாரணப் பிஸ்டல். பேரன்களைப் பார்க்க மாநிலம் தாண்டிப் போகும்போது அதைக் கொண்டுபோக ஏடிஎஃப்புக்கு முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பி அனுமதி வாங்கவேண்டும். ஒரு தடவை அனுப்பினார், அடுத்த தடவை வேறு கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். பதிவேட்டில் இருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதலாம்தான். வேண்டாம், நாளைக்கு இன்னொரு விதி வந்தால் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த எண்ணத்தையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

முதலாமவருக்கு 2024 தொடக்கத்தில் குடியுரிமை கிடைத்தது. நேர்காணலில், கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்ற கேள்விக்குத் தயங்காமல் இல்லை என்று சொல்ல முடிந்தது, எனக்கு அது போதும் என்றார். 16 அங்குல அப்பர் இன்னும் அப்படியே இருக்கிறது. விதி போன பிறகு பழைய குட்டை அப்பரைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். இரண்டாமவர் கொடுப்பதாக இல்லை, விலை ஏறிவிட்டது என்று சிரிக்கிறார்.

மூன்றாமவனின் புதிய துப்பாக்கியில் 2024 கோடையில் பிரேஸ் ஏறியது. பழைய லோயர் ரைஃபிளாகவே இருக்கிறது, இனியும் அப்படித்தான்.

இப்போதைய நிலவரம்

2025 ஜூலையில் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டதால் அந்த விதி முடிந்த கதை. அதே மாதம் 4-ஆம் தேதி கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில், எஸ்பிஆருக்கும் சத்தத்தைக் குறைக்கும் சப்ரசருக்கும் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆனது. இயந்திரத் துப்பாக்கிக்கு 200 அப்படியே. வரி போனதால் பதிவும் போய்விட்டது என்று ரேஞ்சில் ஒருவர் சத்தியம் செய்கிறார். போகவில்லை. கைரேகை, விண்ணப்பம், அனுமதிக்குக் காத்திருப்பது எல்லாம் இருக்கிறது. அதேபோல விதி ரத்தானதால் பிரேஸ் போட்ட எதுவும் எஸ்பிஆர் ஆகாது என்பதும் தப்பு. 1934 சட்ட வரையறை நிற்கிறது, தோளில் வைத்துச் சுடவே செய்யப்பட்டது என்று ஒரு துப்பாக்கியைக் காட்டி வழக்குப் போட யாருக்கும் தடை இல்லை.

எதை மாற்றிச் செய்வோம்

அவர்கள் மூவரும் நானும் ஒரு மாலை உட்கார்ந்து இதைப் பேசினோம். முதலாமவர், குடியேற்ற வக்கீலை முதலில் பார்த்திருக்கவேண்டும், துப்பாக்கி வக்கீலை அப்புறம் என்கிறார். விதி சரியா தப்பா என்ற வாதத்தில் ஒரு மாதம் போனது, அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்த ஒரு பிரிவு எண்தான். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் வீட்டில் யார் யார் என்ன அந்தஸ்தில் இருக்கிறார்கள், சேஃப் எண் யாருக்குத் தெரியும் என்று விதி எதுவும் வராத காலத்திலேயே எழுதி வைப்பது நல்லது. அவர் வீட்டுக்கு மைத்துனர் வந்ததில் இருந்து அன்று மாற்றும்வரை எண் மாறாமல்தான் இருந்திருக்கிறது.

இரண்டாமவர், பதிவு செய்வதென்றால் கடைசி வாரம் வரை பொறுத்திருப்பேன் என்கிறார். மார்ச்சில் அனுப்பியதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. மே 23-இல் நீதிமன்றம் தடை கொடுத்தபோது அவர் பெயர் ஏற்கனவே போய்விட்டது. அழிப்பதும் பதிவு செய்வதும் திரும்ப எடுக்க முடியாத வேலைகள் அல்லது எடுக்கச் சிரமமான வேலைகள், அப்பர் மாற்றுவது அப்படி இல்லை. நான் கேட்டால் எல்லாருக்கும் அப்பரைத்தான் முதலில் சொல்வேன், ஆனால் கையில் குட்டை அப்பர் மிச்சமாகக் கிடக்காதபடி பார்த்துக்கொண்டு.

மூன்றாமவன் எதுவும் சொல்லவில்லை. போனில் ஒரு ஆல்பம் போட்டு வைத்திருக்கிறான், ஒவ்வொரு லோயருக்கும் வாங்கிய ரசீது, 4473-இல் என்ன வகை என்று கடைக்காரர் எழுதியது, முதல் தடவை கட்டியபோது எடுத்த படம்.

ரேஞ்சில் அந்தப் பழைய அறிவிப்பைக் கிழித்தாயிற்று. காகிதம் கேட்பது எங்கள் வேலை இல்லை என்று உரிமையாளர் முடிவு செய்துவிட்டார். புதிதாக ஏஆர் கட்டுகிறவர்கள் வந்து கேட்டால் மட்டும், முதலில் எதை மாட்டினீர்கள் என்று நான் ஒரு கேள்வி கேட்கிறேன். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.